கரும்பு மூடிய காடும் மொரீஷியஸின் வெள்ளைக்கண்ணியும்

இந்தியப் பெருங்கடலிலுள்ள மொரீஷியஸ் தீவின் தென்மேற்கு மேட்டுக்காடுகளில் எஞ்சியிருக்கும் ஆலிவ் நிற வெள்ளைக்கண்ணி, கண்ணைச் சுற்றி வெண்வளையமும் நீண்டு சற்றே வளைந்த அலகும் உடைய மிகச் சிறிய பறவை. தூரிகை போன்ற நாக்கு நுனியால் பூந்தேன் அருந்தி வாழும் இவ்வினம் அத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. தமிழ்நாட்டின் தேர்வாய் கண்டிகைப் பகுதி வேலிப்பூக்களில் தேனருந்தும் ஊதாத் தேன்சிட்டு மேற்காசியா முதல் தென்கிழக்காசியா வரை பரவியிருப்பதால் ஓரிடத்துக் காடு அழிந்தாலும் அதன் குலம் அழிவதில்லை. தீவுப்பறவைக்கு அப்படிப்பட்ட மாற்றிடம் கிடையாது. ஆகவே இப்பறவையின் வரலாறு அத்தீவின் நில வரலாறே ஆகும்.

1638இல் குடியேறிய டச்சுக்காரர்கள் கருங்காலி மரங்களை வெட்டியதும், பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே 1735க்குப் பின் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை வரவழைத்துத் துறைமுக நகரை எழுப்பியதும் காட்டின் ஓரங்களையே தொட்டன எனலாம். 1810இல் தீவைக் கைப்பற்றிய பிரிட்டன், 1825இல் மொரீஷியஸ் சர்க்கரைக்கான இறக்குமதி வரியை மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்குரிய அளவுக்குக் குறைத்ததே பெரிய திருப்பம். அதன்பின் கரும்புத் தோட்டங்கள் காட்டுக்குள் வேகமாக நுழைந்தன. அடிமைமுறை 1835இல் ஒழிக்கப்பட்டபோது, குறித்த ஆண்டுகளுக்குக் கூலி பேசிக் கையெழுத்தோ கைநாட்டோ பெற்று ஆள் அனுப்பும் ஒப்பந்தக் கூலிமுறை அதன் இடத்தைப் பிடித்தது. 1834 முதல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அவ்வாறு தீவில் இறங்கினர். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் அவர்களுள் அடங்குவர். காடு வெட்டிய கைகளுள் தமிழர் கைகளும் இருந்தன. ஆனால் எந்தக் காடு வீழ வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்கள் தோட்ட முதலாளிகளும் லண்டன் சந்தையுமே என்பதால், அப்பழியை அந்த ஏழை மக்கள்மீது சுமத்துவது நியாயமாகாது.

கரும்போடு அழிவு முடிந்துவிடவில்லை. 1970களில் மேட்டுநிலத்தின் பூர்விகக் காடு பைன் மர வளர்ப்புக்காகப் பெருமளவில் அழிக்கப்பட்டது. மிஞ்சிய காட்டையும் வெளியிலிருந்து வந்த சீனக் கொய்யா நெருக்கியது, கப்பல்களில் வந்த எலிகள் கூடுகளைச் சூறையாடின. இதே குடும்பத்தைச் சேர்ந்த சாம்பல் நிற வெள்ளைக்கண்ணி தோட்டங்களுக்குப் பழகித் தீவெங்கும் பெருகியிருக்க, பூர்விக மரங்களின் தேனைப் பெரிதும் நம்பிய ஆலிவ் நிறப் பறவையோ 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதிகம்போனால் 150 இணைகளாகச் சுருங்கியிருந்தது.

தீவின் தென்மேற்கிலுள்ள கருநதிப் பள்ளத்தாக்குக் காடு 1994இல் தேசியப் பூங்காவானது காலம் கடந்த செயலென்றாலும் இன்றியமையாத செயல். மொரீஷியஸ் வனவுயிர் அறக்கட்டளை, எலிகள் ஒழிக்கப்பட்ட 26 ஹெக்டேர் பரப்புள்ள எக்ரெத் குறுந்தீவில் 2006 முதல் இப்பறவைகளை விடுவித்து, பூர்விக மரங்களை நட்டு, அவை பூத்துப் பயன் தரும் வரை இனிப்பு நீரும் பழமும் வைத்துக் காத்து வருகிறது. அங்கே அவை கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.