கண்ணியும் கறையும்

இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் நகரில் 1749 வாக்கில் பிரசெல்ஸ் கம்பளம் நெய்யத் தொடங்கினார்கள். பாவு இழையைக் கம்பியின் மேல் ஏற்றி நெய்து, கம்பியை உருவிவிட்டால் கம்பளி வளையங்கள் வரிசையாக நிற்கும்; அவற்றை அறுத்துவிட்டால் அது வில்டன். அறுக்காத வளையம் நன்றாக உழைக்கும். ஆனால் ஒரு கண்ணி எதிலாவது மாட்டி இழுபட்டால் வரிசையே உருவிக்கொண்டு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில வீடுகளில் கறை எடுப்பது என்றால் பெரும்பாலும் ஒற்றுவதும் பொடி தூவி உறிஞ்சவைப்பதுமாக இருந்ததற்கு இந்த நெசவும், கம்பளத்தை விரித்த விதமுமே முதற்காரணம் என்பேன்.

எண்ணெய்க் கறைக்கு முல்தானி மட்டியும், மற்றதற்கு மாட்டுப் பித்தநீரும் கம்பளித் துணிகளுக்கும் பயன்பட்டவைதானே, இதில் கம்பளத்துக்கென்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். துணியைத் தொட்டியில் போட்டு அலசலாம். கம்பளத்தையோ 27 அங்குலப் பட்டைகளாகத் தைத்துத் தரையோடு ஆணியடித்திருந்தார்கள். நனைத்தால் உலராது, தேய்த்தால் கண்ணி கிளம்பும். சாயம் கரையும் என்ற அச்சமும் உண்மையே. 1832இல் எடின்பரோவின் ரிச்சர்ட் விட்டாக் நெய்யுமுன்பே நூலில் வண்ணம் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகும் அது தீரவில்லை. ஆனால் சாயம் மட்டுமே சிக்கல் என்றால் உணவு மேசைக்கடியில் தனியாக ஒரு முரட்டுத் துணியை விரித்திருக்க வேண்டியதில்லை. பெருக்குமுன் ஈரத் தேயிலைச் சக்கையைத் தூவியதோ தூசி பறக்காமலிருக்க, கறை எடுக்க அல்ல. வெளிர்நிறக் கம்பளத்தில் அதுவே கறையானது வேறு கதை. 1901இல் ஹியூபர்ட் செசில் பூத்தின் உறிஞ்சு இயந்திரம் வந்தபோது தூசிக்கு வழி பிறந்தது, கொட்டிய மைக்கு அல்ல.