படிப்பு ஏறாதவர்களும் சைகோன் கப்பலும்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர், "என்ன இருந்தாலும் சில கூட்டத்துப் பிள்ளைங்களுக்குத்தான் சார் படிப்பு வரும். சிலதுங்களுக்கு ஏறவே ஏறாது" என்றார். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எங்கள் புதுச்சேரிக் கதையே அவருக்குப் பதில்.

1826இல் ஆளுநர் தெபாசேன் காலத்தில் இங்கே அரசுக் கல்லூரி ஒன்று தொடங்கியது. இன்றைய லிசே அதன் தொடர்ச்சிதான். முதலில் அது வெள்ளையர் பிள்ளைகளுக்கும் அவர்கள் வழிவந்த கிரயோல் பிள்ளைகளுக்கும். பிற்பாடு கதவு திறந்தபோதும் மேல்சாதி இந்து வீடுகளில் பலருக்குத் தயக்கம். எந்தச் சாதிப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காருவது என்பது அன்று பெரிய பிரச்சினை. அவர்கள் படிப்பு வராதவர்களா? திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பித்தவர்கள். வீட்டுக் கணக்குக்கும் நிலத்துக்கும் வியாபாரத்துக்கும் அது போதும். பிரெஞ்சு அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

தேவைப்பட்டவர்கள் வேறு ஆட்கள். 1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியன் சப்பாத்தோடு வரக்கூடாது என்றது நீதிமன்றம். அவர் விடவில்லை, பாரீஸ் வரை வழக்கை நடத்தி வென்றார். 1881 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. சாதி, மத வழக்கப்படியான உரிமைகளைத் துறப்பதாகக் கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொள்கிறவர், பிரெஞ்சுக் குடும்பப் பெயர் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். பொன்னுத்தம்பி, லாப்போர்த் ஆனார். லாப்போர்த் என்றால் கதவு. பொருத்தமான பெயர்தான்!

இப்படிக் கையெழுத்துப் போட்டவர்களை 'ரெனோன்சான்' என்போம். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், அதிலும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் மேல்சாதி இந்துக்கள் பெரும்பாலும் ஒதுங்கி நின்றார்கள்.

அந்த நேரத்தில் கடலுக்கு அப்பால் சைகோன் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. வரி வசூலுக்கும், சுங்கத்துக்கும், போலீசுக்கும், கலங்கரை விளக்கத்துக்கும் பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். ரெனோன்சான்கள் கப்பல் ஏறினார்கள். ஐரோப்பியருக்குள்ள சம்பளத்தையே எங்களுக்கும் கொடு என்று சட்டத்தைக் காட்டிக் கேட்டார்கள். எந்த வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைக்கக் கூசினார்களோ, அந்த வீடுகளில் விளக்கு வைத்துப் பிரெஞ்சு இலக்கணம் படித்தார்கள். படிப்பு திடீரென்று எங்கிருந்து ஏறியது? சைகோனிலிருந்து மணியார்டர் வருகிற வீடு தெருவில் ஒன்று இருந்தால் போதும், மற்ற வீட்டுத் தாய்மார்களே பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார்கள். ஒதுங்கி நின்ற வீடுகளும் காலப்போக்கில் பிள்ளைகளை அனுப்பின. மிஷன் வீதியில் கல்வே சுப்பராயச் செட்டியார் பேரில் இருந்த பள்ளியில் படித்தவர்கள் பலர். இன்று அது வ.உ.சி. பெயரில் இருக்கிறது.

என் காலத்துக்கு வருகிறேன். 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறியபோது நான் கைக்குழந்தைக்குச் சற்றுப் பெரியவன். ஆனாலும் அப்பா என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் போட்டார். கோல்காரர்களைப் பற்றிப் படித்தோம், லுவார் நதி எங்கே பிறக்கிறது என்று படித்தோம். காவிரியைப் பற்றி எனக்குப் பாட்டிதான் சொன்னாள். 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் முழுமையாக அமலுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்கிறவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. "நம்ம ஊரை விட்டு எங்கேடா போறது?" என்றார். அவ்வளவுதான்.

வகுப்பில் நான்தான் முதல். கடைசி பெஞ்சில் ஒரு சொல்தா வீட்டுப் பையன், பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர் மகன். அவனுக்குப் படிப்பே வராது என்று எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். அவர்கள் வீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு அவன் மெல்ல மெல்ல முன் பெஞ்சுக்கு வந்தான். எனக்கோ புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி. பிரெவே தேர்வில் நான் தட்டுத் தடுமாறித் தேறினேன், அவன் நன்றாகவே தேறினான். பிரான்சில் ராணுவத்தில் சேர்ந்து, அங்கே பரீட்சை மேல் பரீட்சை எழுதி உயர்ந்தான். ஊருக்கு வந்தால் இன்றும் என்னைப் பார்க்காமல் போகமாட்டான்.

நான் இருபது வயதில் ஆங்கிலமும் தட்டச்சும் கற்றுக்கொண்டு எழுத்தர் வேலைக்கு மனுப் போட்டேன். என் பிரெவே சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரி, இதை யாராவது ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொண்டுவா என்றார். அன்று ராத்திரி நானே உட்கார்ந்து மொழிபெயர்த்தேன், அகராதியை வைத்துக்கொண்டு.