பழைய கேரவனில் முதல் நெடும்பயணம்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, இடமிருந்தால் ஒரு சிறு கழிவறை ஆகியவற்றுடன், குடும்பம் தங்கிப் பயணம் செய்வதற்கென அமைந்த மோட்டார் வாகனம் கேரவன். தமிழ்நாட்டில் இந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வேன்தான். ஊர் சுற்றும் கேரவன் இங்கே இன்னும் அரிது. ஆசைப்படுபவர்கள் ஓடித் தேய்ந்த டெம்போ டிராவலரையோ சுவராஜ் மஸ்தாவையோ வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு உள்ளே வீடு கட்டுவதுண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில், பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடைப்பட்ட தொப்பம்பட்டி வட்டாரத்திலிருந்து அப்படியொரு வண்டி புறப்படுவதை முன்வைத்து எழுதப்பட்டது இக்கட்டுரை.

முன்னோடிகள்

உலை வைக்கும் பாத்திரத்தோடு ஊர் போவது இப்பகுதிக்குப் புதிதல்ல. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடக்கும் கொங்கு மக்களுக்குப் பின்னால், அரிசி பருப்பும் பாயும் மாட்டுக்கு வைக்கோலும் ஏற்றிய கூண்டு வண்டிகள் வந்த காலம் உண்டு. தைப்பூசத்தை ஒட்டி வரும் எடப்பாடிக் காவடிக் கூட்டத்தின் சமையல் சாமான் இன்று லாரியில் வருகிறது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வேன் புளியமரத்தடியில் ஒதுங்கினால், டிக்கியிலிருந்து அண்டாவும் சிலிண்டரும் இறங்கி அரை மணியில் சோறு பொங்கிவிடும்.

ஆனால் கொங்குப் பகுதியின் உண்மையான கேரவன்காரர்கள் திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தொழிலாளர்கள் என்றே சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணறு தோண்ட வடமாநிலங்கள் வரை போகும் இவர்கள், ரிக்கோடு வரும் துணை லாரியிலேயே மாதக்கணக்கில் சமைத்து, உண்டு, உறங்குகிறார்கள். சுற்றுலா விளம்பரங்கள் இவர்களைக் கண்டுகொள்வதில்லை.

மேல்நாட்டில் பொழுதுபோக்குக் கேரவனின் தொடக்கமாகச் சொல்லப்படுவது, 1885-இல் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் பிரிஸ்டலில் கட்டுவித்த ‘வாண்டரர்’ என்னும் குதிரை வண்டி. தென்னிந்தியாவில் பழைய வண்டியை வீடாக்கியவர்களில் பெயர்பெற்றவர் என்.டி. ராமராவ். 1982-இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கியதும் ஒரு பழைய செவ்ரலே வேனை மாற்றியமைத்து, ‘சைதன்ய ரதம்’ என்று பெயரிட்டு, ஆந்திரம் முழுவதும் அதிலேயே சுற்றினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் முதலமைச்சரானார்.

பதிவும் சட்டமும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளரின் விவரக் குறிப்புக்கு மாறாக வண்டியைத் தன்னிச்சையாக மாற்றக் கூடாது. வேனைக் கேரவனாக்கினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்புதல் பெற்று, ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால், விபத்து நேரும்போது காப்பீட்டுத் தொகைக்கு வழக்காட வேண்டி வரலாம். சொந்த உபயோக வாகனத்தின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும்; பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம்.

புறப்படும் முன்

பழைய வண்டி வாங்கியவர் முதலில் கவலைப்படுவது இன்ஜினைப் பற்றி. அந்தக் கவலை பாதி வீண். டெம்போ இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் பழனியிலும், காய்கறி லாரிகள் ஓயாமல் வந்துபோகும் ஒட்டன்சத்திரத்திலும் கிடைப்பார். வழியில் நிறுத்திவிடுவது பெரும்பாலும் ரப்பரும் எடையும்தான்.

கேரவன் ஓடும் நாளைவிட நிற்கும் நாள் அதிகம். அதனால் டயரின் பட்டன் தேயாமலே ரப்பர் மூப்படைந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும்; 2218 என்றால் 2018-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும், பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு ஓடிய டயரை நெடும்பயணத்துக்கு நம்பக் கூடாது. ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், பிரேக் சிலிண்டர் வாஷர் எல்லாவற்றுக்கும் இதே கதி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய ஆயில் இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால் பெடல் தரையைத் தொட்டுவிடும். நெடுநாள் நின்ற டீசல் டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கலாம் என்பதால் ஃபில்டரை வடித்துப் பார்ப்பது நல்லது.

எடைக் கணக்கு எளியது. 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. தொட்டி பின் அச்சுக்கும் பின்னால் இருந்தால், அந்த எடை முன் சக்கரத்தைத் தூக்கும். ஸ்டியரிங் பூப்போல லேசாக இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். பிடி போய்விட்டது என்று பொருள். தொட்டியைக் கால்பங்கு நிரப்பிக்கொண்டு, சேரும் ஊரில் மீதியைப் பிடிப்பதே சரி.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் படியும். எனவே சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளிப்பக்கமாகத் துவாரம் வேண்டும். ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வண்டி நகரும் முன் ரெகுலேட்டரை மூடுவது யார் வேலை என்று வீட்டில் ஒருவரைக் குறித்துவிட வேண்டும். எல்லார் வேலை என்றால் யாரும் மூடமாட்டார்கள்.

வழியும் காற்றும்

முதல் பயணத்துக்கு இவ்வட்டாரத்தார் கொடைக்கானலைத்தான் நினைப்பார்கள். கிழக்கே போவதே அறிவுடைமை. பழனியில் தேசிய நெடுஞ்சாலை 83-ஐப் பிடித்தால் ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மணப்பாறை, திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் வரை ஏறக்குறைய 300 கி.மீ.; எங்கும் மலைப்பாதை இல்லை. காரில் ஒரே நாள் ஓட்டம். கேரவனுக்கு மூன்று நாள் ஒதுக்கினால் பழுது பார்க்கவும் பொழுது இருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே புகும் தென்மேற்குக் காற்று உடுமலை, தாராபுரம் சமவெளியில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. உயரமான தட்டைப் பக்கம் கொண்ட கேரவனை அதே காற்று தள்ளவும் செய்யும். லாரியின் மறைவிலிருந்து விலகும் நொடியில் வண்டி ஓர் ஓரமாக இழுக்கும். ஆடி மாதத்தில் மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் போவதற்கில்லை.

கேரவன் நிறுத்தத் தனி இடங்கள் தமிழ்நாட்டில் அரிது என்பதால், லாரிகள் ஒதுங்கும் பெட்ரோல் பங்க், கோயில் மண்டபத்தின் முன்வெளி, உடையவரிடம் கேட்டுக்கொண்டு தோட்டத்துக் களம் ஆகியவைதான் இரவு நிலையங்கள். களம் மேலானது, தரை மட்டமாக இருக்கும், அருகில் கிணறும் வேப்பமர நிழலும் இருக்கும். கழிவறைத் தொட்டியை அனுமதியோடு செப்டிக் டேங்கில்தான் கொட்ட வேண்டும்; ஓடையிலோ வாய்க்காலிலோ கொட்டுவது குற்றம்.

மலை இரண்டாவது பயணத்துக்கு. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற லாரிக்காரர் விதி கேரவனுக்கும் பொருந்தும். கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது.