கொலோசஸின் சுற்று வரிப்படங்கள்

வழக்கொழிந்த மின்கருவியொன்றை அடையாளங்கண்டு மீள இயக்க விழைவோர் முதலிற் றேடுவது அதன் சுற்று வரிப்படத்தையே. அவ்வரிப்படம் காலத்தால் அழிந்ததன்றி, அரசின் ஆணையால் எரிக்கப்பட்டதாயின் வரலாற்றாசிரியன் எதனைச் சான்றாகக் கொள்வான்? இவ்வினாவுக்கு விடைகாணத் துணைபுரிவது, இரண்டாம் உலகப்போரின்போது இங்கிலாந்திற் றோன்றிய கொலோசஸ் எனும் இலத்திரனியற் கணனியின் வரலாறாகும்.

யேர்மனியப் படைத்தலைமை, லோரென்ஸ் மறைகுறிப் பொறியால் உருமாற்றிய தொலையச்சுச் செய்திகளை வானொலி வழியே அனுப்பிவந்தது. பிளெச்லி பார்க்கில் அம்மறைகுறியை உடைப்பதற்கு உதவவெனப் பிரித்தானியத் தபாற்றிணைக்களத்தின் டொலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையப் பொறியியலாளர் ரொமி பிளவர்ஸ் ஆக்கிய கருவி 1944 பெப்ரவரியில் இயங்கத் தொடங்கியது. அவ்வாண்டு யூன் மாதத்தில் இயங்கிய இரண்டாம் வடிவில் ஏறத்தாழ 2,400 வால்வுகள் இருந்தன. போர் முடிவில் இத்தகைய கருவிகள் பத்து இருந்தன. எட்டு விரைவிற் கழற்றப்பட்டன. எஞ்சிய இரண்டும் 1960 அளவில் மறைந்தன. ஆவணங்களை அழிக்குமாறு பணிக்கப்பட்ட பிளவர்ஸ் தாமே அவற்றை டொலிஸ் ஹில் உலையிலிட்டார். ஆக்கியோன் கையாலேயே ஆவணம் எரிந்தமை அறிவியல் வரலாற்றில் அரிதான அவலமாகும். அமெரிக்காவின் எனியாக்கே முதலாவது இலத்திரனியற் கணனியென நூல்கள் எழுதிவந்தபோது, அதனை மறுத்துரைக்கத் தாளும் இல்லை; இரகசியக் காப்புக்குக் கட்டுண்டிருந்தோர் வாய்திறக்கவும் இயலவில்லை.

பிறையன் றண்டெல் என்னும் ஆய்வாளரின் விடாமுயற்சியின் பயனாக 1975இல் அரசு சில புகைப்படங்களை வெளியிட்டது. எனினும் கருவியை மீளக் கட்டும் பணி 1993இலேயே ரோனி சேல் என்பாரால் தொடங்கப்பட்டது. அவர் கையிலிருந்தவை 1945இல் எடுக்கப்பட்ட எட்டுப் புகைப்படங்களும், பொறியியலாளர் சிலர் விதிக்கு மாறாகத் தம்மிடம் வைத்திருந்த வரிப்படத் துண்டுகளுமே. கட்டளைக்குப் பணிந்தோரால் ஆவணம் அழிந்தது; பணியாதோரால் ஓரளவேனும் எஞ்சியது. வரலாற்று மாணவன் இதனை ஒழுக்கக்கேடெனத் தள்ளிவிடல் எளிதன்று.

புகைப்படத்திற் சட்டகம் தெரியும், அளவு தெரியாது. ஆதலின் சேல், படங்களின் கோணங்களைக் கணனியில் ஆராய்ந்து சட்டகங்களின் அளவுகளை வருவித்தார். உறுப்புக்களைப் பொறுத்தவரை வேறொரு வாய்ப்பு இருந்தது. பிளவர்ஸ் தொலைபேசிப் பொறியியலாளராதலின், தம் துறையில் அன்றாடம் வழங்கிய தாங்கிகளையும் றிலேக்களையுமே பெரிதும் கையாண்டிருந்தார். 1990களிற் பழைய தொலைபேசி நிலையங்கள் கைவிடப்பட்டு வந்தமையால் அவை கழிபொருளாகக் கிடைத்தன. வால்வுகளோ தம் பெயராலேயே தம்மை அறிவிப்பவை: ஈஎவ்36 என்பதில் ‘ஈ’ 6.3 வோல்ற்று வெப்பமூட்டியையும், ‘எவ்’ ஐம்முனை வால்வையும் குறிக்கும். உறுப்பை அடையாளங்காண இப்பெயர் போதும். அது மற்றொன்றுடன் எவ்வாறு இணைந்திருந்தது என்பதற்கு வரிப்படமே வேண்டும்.

அவ்விணைப்பைப் பற்றி முதியோரின் நினைவும், போர்க்காலத்திற் பிளெச்லியில் இருந்த அமெரிக்கர் ஒருவர் தம் நாட்டுக்கு எழுதியனுப்பிய அறிக்கையும் ஒளி தந்தன. 1990களின் நடுப்பகுதியில் இரகசியம் நீக்கப்பட்ட அவ்வறிக்கை, பிரித்தானியா மறைத்ததை அமெரிக்கா வெளியிட்ட விந்தையாகும். 1996 யூன் 6ஆந் திகதி, பிளவர்ஸ் கண்முன்னே, கருவியின் அடிப்படைப் பகுதி இயக்கப்பட்டது. இரண்டாம் வடிவின் மீளாக்கம் 2007இல் நிறைவெய்தியது. அவ்வாண்டு நவம்பரில், யேர்மனியின் படர்போண் நகரிலிருந்து லோரென்ஸ் மறைகுறியில் வானொலிவழி அனுப்பப்பட்ட செய்தியை அது ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலத்தில் வெளிப்படுத்திற்று.

கருவி செய்த வேலை மெய்யென்பதற்கு இச்சோதனை சான்று. கம்பி ஒவ்வொன்றும் 1944இல் இருந்தவாறே உள்ளதென்பதற்கன்று. சிதைந்த கல்வெட்டைப் பதிப்பிப்போர் தாம் ஊகித்த எழுத்துக்களைப் பகர அடைப்பினுள் இடுவர். இயந்திரத்தில் அத்தகைய அடைப்புக் கிடையாது. செக்கனுக்கு 5,000 குறிகளைத் தாள்நாடாவிலிருந்து படித்த ஒளிமுறை வாசிப்பானுக்கு வரிப்படம் எஞ்சாமையால், அதனை முதலில் வடிவமைத்த ஆர்னல்ட் லின்ச்சே அரை நூற்றாண்டின் பின் மீண்டும் வடிவமைத்தார். அவ்வாசிப்பானில் 1940களின் லின்ச் எவ்விடத்தில் முடிகின்றார், 1990களின் லின்ச் எவ்விடத்தில் தொடங்குகின்றார் என்பதை அதனைப் பார்த்தமாத்திரத்தே எவராலும் கூறவியலாது.