உபகாரச் சம்பளம் முதல் கார்ப்பஸ் வரை

பழைய தமிழில் பென்ஷனுக்கு ‘உபகாரச் சம்பளம்’ என்று பெயர். மாணவர்களுக்குக் கொடுக்கும் உதவிப் பணத்துக்கும் இதே சொல்தான் புழங்கியது. பிறகு ‘ஓய்வூதியம்’ என்ற சொல் வந்து நிலைத்தது. இன்றைக்கு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் முப்பது வயதுக்காரரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் இரண்டு சொல்லும் வராது. “நாற்பத்தஞ்சுக்குள்ள ஒரு கார்ப்பஸ் சேர்த்துட்டா போதும் சார், அப்புறம் நான் ஃப்ரீ” என்பார்.

உபகாரம், ஊதியம், கார்ப்பஸ். மூன்றும் வயதான காலத்துக்கான பணத்தைத்தான் குறிக்கின்றன. ஆனால் அந்தப் பணத்தை யார் தருகிறார், எதற்காகத் தருகிறார், கொடுக்காவிட்டால் யாரைக் கேட்பது என்பதில் மூன்றும் வேறு வேறு. கொஞ்ச நாளாக இதைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அதைக் கோத்து எழுதியதுதான் இது.

உபகாரத்தில் ஆரம்பிக்கலாம்.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ‘பென்ஷன்’ என்றதும் மக்கள் நினைவுக்கு வந்தவர்களில் ராஜ்ஜியத்தை இழந்த ராஜாக்களும் உண்டு. தஞ்சாவூர் சரபோஜி மன்னர் 1799 ஒப்பந்தப்படி நாட்டின் நிர்வாகத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். பதிலுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் பகோடாவும் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் கிடைத்தன. மராட்டியப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் 1818-ல் தோற்றுச் சரணடைந்தபோது ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் என்று பேசி முடித்து, கான்பூர் பக்கத்தில் உள்ள பிட்டூருக்கு அனுப்பி வைத்தார்கள். அவர் 1851-ல் இறந்தார். தத்துப் பிள்ளை நானா சாகிப் அந்தத் தொகையைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டார். கம்பெனி மறுத்தது. லண்டன் வரை ஆள் அனுப்பிக் கேட்டும் பலனில்லை. 1857 கிளர்ச்சியில் கான்பூரில் அவர் தலைமை ஏற்றதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இந்த நிறுத்தப்பட்ட பென்ஷனும் ஒன்று.

ராஜா கதை நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். பென்ஷன் என்றால் என்ன என்று அரசாங்கம் அன்று நினைத்தது என்பதை இது காட்டுகிறது. அது கொடுப்பவரின் பெருந்தன்மை. மனம் இருக்கும்வரை வரும், மனம் மாறினால் நிற்கும். இதைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். 1871-ஆம் ஆண்டின் பென்ஷன் சட்டம், நான்காவது பிரிவு: அரசாங்கம் கொடுத்த பென்ஷன் சம்பந்தமாக எந்த வழக்கையும், சட்டமே சொல்லும் விதிவிலக்கு தவிர, சிவில் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது. அதே சட்டத்தின் பதினோராவது பிரிவு இன்னொன்றைச் சொல்கிறது: கடன்காரன் கேட்டான் என்று பென்ஷன் பணத்தை ஜப்தி செய்யக் கூடாது. அதாவது வாங்குகிறவர் அரசாங்கத்தைக் கேள்வி கேட்க முடியாது, ஆனால் வெளியாள் யாரும் அதில் கை வைக்கவும் முடியாது. தர்மம் கொடுக்கிறவர் மனநிலை அப்படியே இருக்கிறது பாருங்கள்.

ஐரோப்பாவில் இதே காலத்தில் வேறொன்று நடந்தது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-ல் முதுமைக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். தொழிலாளியும் முதலாளியும் பணம் கட்ட வேண்டும், அரசும் பங்கு போடும், 70 வயதில் பென்ஷன் வரும். 65 என்ற வயதை பிஸ்மார்க்தான் வைத்தார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. 65 ஆகக் குறைத்தது 1916-ல், அவர் இறந்து பல வருடங்களுக்குப் பிறகு. பிரிட்டன் 1908-ல் சட்டம் போட்டு, 70 வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் அதிகபட்சம் 5 ஷில்லிங் கொடுக்க ஆரம்பித்தது. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வரவில்லை. ஒரே சக்கரவர்த்தியின் குடிமக்கள்தான். ஆனால் மான்செஸ்டர் மில் தொழிலாளிக்குக் கிடைத்த அந்த 5 ஷில்லிங், மதுரை மில் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை.

சரி, இங்கே உபகாரம் எப்போது உரிமையாக மாறியது?

சுதந்திரத்துக்குப் பிறகும் அரசு ஊழியர்கள் 55 வயதில் ஓய்வு பெற்றார்கள். மத்திய அரசில் அது 1962-ல் 58 ஆகவும், 1998-ல் 60 ஆகவும் உயர்ந்தது. தமிழ்நாட்டில் 58 என்பது 2020-ல் 59, 2021-ல் 60 ஆனது. அந்தக் காலத்தில் சராசரி ஆயுளே 32 தானே, பிறகு பென்ஷன் கொடுப்பதில் அரசுக்கு என்ன நஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். சராசரி ஆயுள் 32 என்றால் எல்லோரும் 32 வயதில் செத்துப்போனார்கள் என்று அர்த்தமில்லை. பிறந்த குழந்தைகள் ஏராளமாக இறந்ததால் சராசரி அவ்வளவு கீழே போனது. 55 வயது வரை வந்தவர் அதற்கு மேலும் பல வருடம் வாழத்தான் செய்தார். ஆக, பென்ஷன் அன்றும் வெறும் பேச்சல்ல, நிஜமான செலவுதான்.

1971-ல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் பென்ஷன் என்பது அரசின் விருப்பத்தைப் பொறுத்த கொடை அல்ல, ஊழியரின் உரிமை என்று சொன்னது. அதைவிடப் பெரிய தீர்ப்பு 1982-ல் வந்தது. அதன் பின்னணி இது. 1979-ல் மத்திய அரசு பென்ஷன் கணக்கிடும் முறையைத் தாராளமாக்கியது. ஆனால் 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கு அது கிடையாது என்றது. மார்ச் 30-ல் ரிட்டயர் ஆனவருக்குப் பழைய கணக்கு, மறுநாள் ஆனவருக்குப் புதுக் கணக்கு. பாதுகாப்புத் துறையில் பணியாற்றி 1972-ல் ஓய்வு பெற்ற டி.எஸ். நகாரா வழக்குப் போட்டார். ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 1982 டிசம்பர் 17 அன்று, அந்தத் தேதிக் கோடு சமத்துவத்துக்கு எதிரானது என்று சொல்லி அதை நீக்கியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.ஏ. தேசாய். பென்ஷன் என்பது செய்த வேலைக்கான ஊதியத்தின் மிச்சம், வயதான காலத்துக்கான சமூகப் பாதுகாப்பு, தயவு அல்ல என்பது அதன் சாரம். டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர்கள் இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ‘உபகாரம்’ போய் ‘ஊதியம்’ வந்ததன் முழு அர்த்தம் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஆனால் இந்த உரிமை யாருக்குக் கிடைத்தது? அரசு ஊழியருக்கு. மற்றவர்களுக்கு?

தனியார் தொழிலாளிக்கு 1952-ல் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது. எல்லோரும் சொல்வது பி.எஃப். முதலில் ஆறு தொழில்கள்தான்: சிமென்ட், சிகரெட், பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி. அது மாதாமாதம் வருகிற பணம் அல்ல, கடைசியில் கையில் கிடைக்கும் மொத்தத் தொகை. பெண் கல்யாணம், வீட்டுக் கடன் என்று அது எங்கே போகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. மாதப் பென்ஷன் 1995-ல்தான் இணைந்தது. அதன் கணக்கு எளிது: பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பள உச்சவரம்பு 2014 முதல் 15,000 ரூபாய். ஒருவர் 35 வருடம் உழைத்து அந்த உச்சவரம்பில் நின்றாலும் மாதம் 7,500 ரூபாய். குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று அதே 2014-ல் வைத்தார்கள்.

இதற்கும் வெளியே நிற்பவர்கள்தான் இந்த நாட்டில் பெரும்பாலானவர்கள். கூலி விவசாயி, கொத்தனார், வீட்டு வேலை செய்யும் அம்மா, தள்ளுவண்டிக்காரர். இவர்களுக்கு பி.எஃப். கிடையாது, ரிட்டயர்மெண்ட் வயதும் கிடையாது. உடம்பு முடியாமல் போகிற நாள்தான் ஓய்வு நாள். தமிழ்நாட்டில் 1962-ல் முதியோர் திட்டம் ஒன்று தொடங்கியது. மத்திய அரசு 1995-ல் தேசிய அளவில் ஒன்று கொண்டுவந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயரில் ‘பென்ஷன்’ இருக்கிறது. ஊரில் ‘ஓ.ஏ.பி. பணம்’ என்பார்கள். ஆனால் தமிழில் பொதுவாக எப்படி எழுதுகிறோம்? முதியோர் உதவித்தொகை. ஊதியம் இல்லை, உதவி. தமிழ்நாட்டில் அது 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். இதில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்தான்.

ஐம்பது வருடம் நாற்று நட்ட ஒரு அம்மா வாங்குவது உதவி. முப்பது வருடம் ஆபீசில் உட்கார்ந்தவர் வாங்குவது ஊதியம். நகாரா தீர்ப்பு சொன்ன ‘செய்த வேலைக்கான மிச்சம்’ என்ற நியாயம் அந்த அம்மாவுக்கும் பொருந்தத்தானே வேண்டும்? அவருக்கு முதலாளி ஒருவர் இல்லை, பல பேர் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

மூன்றாவது சொல்லுக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகும், மத்திய அரசில் 2004 ஜனவரி 1-க்குப் பிறகும் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்று ஆனது. ராணுவத்துக்கு மட்டும் விலக்கு. புதிய ஏற்பாட்டில் ஊழியர் 10 சதவீதம் போடுவார், அரசும் தன் பங்கைப் போடும். மத்தியத் திட்டத்தில் அந்தப் பணம் சந்தையில் முதலீடாகும். கடைசியில் என்ன சேர்ந்திருக்கிறதோ அதுதான். முன்பு பென்ஷன் இவ்வளவு வரும் என்று வாக்குக் கொடுத்தார்கள். இப்போது கணக்கில் இவ்வளவு போடுவோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விலைவாசி ஏறினால், சந்தை விழுந்தால், நீங்கள் 95 வயது வரை இருந்துவிட்டால், அந்தக் கவலை உங்களுடையது. இருபது வருடப் போராட்டத்துக்குப் பிறகு மத்திய அரசு 2025 ஏப்ரலில், 25 வருடச் சேவை முடித்தவர்களுக்குக் கடைசி ஒரு வருட அடிப்படைச் சம்பளத்தின் சராசரியில் பாதி உறுதி என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. அதாவது அந்தக் கவலையில் கொஞ்சத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது.

தனியார் வேலையில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. அவருக்கு வழிகாட்டியாக வந்தது அமெரிக்காவில் பிறந்த ஒரு கணக்கு. வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-ல் ஒரு கட்டுரை எழுதினார். சேர்த்த பணத்தில் முதல் வருடம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனால் குறைந்தது 30 வருடம் தாங்கும் என்றார். இதைத் திருப்பிப் போட்டால் ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு. மாதம் 50,000 செலவு என்றால் ஒன்றரைக் கோடி. நம் பிள்ளைகள் சொல்கிற ‘கார்ப்பஸ்’ பெரும்பாலும் இதுதான்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்தக் கணக்கு அமெரிக்கப் பங்கு, பத்திரங்களின் வரலாற்றை வைத்துப் போட்டது, அதுவும் 30 வருடத்துக்கு. 45 வயதில் வேலையை விடுகிறவருக்கு 45 வருடம் தேவைப்படலாம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். இன்றைய 50,000 என்பது 24 வருடத்தில் 2 லட்சம்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பென்ஷன் என்பது ஒரு கூட்டு ஏற்பாடு. நூறு பேர் ஓய்வு பெற்றால் சிலர் 62-ல் போவார்கள், சிலர் 95 வரை இருப்பார்கள். சீக்கிரம் போனவரின் பங்கு நீண்ட நாள் இருப்பவரைத் தாங்கும். அதனால் சராசரிக்குச் சேர்த்தால் போதும். தனியாகச் சேர்க்கிறவருக்கு அந்த வசதி இல்லை. தான் எத்தனை வயது வரை இருப்போம் என்று தெரியாது என்பதால், நூறு பேரும் ஆளுக்கு 95 வயது வரைக்கும் சேர்க்க வேண்டும். “எவ்வளவு சேர்த்தாலும் பத்தாது போல இருக்கு” என்று இளைஞர்கள் சொல்வதைப் பேராசை என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பேராசை இல்லை. பெரியவர்கள் கூட்டமாகச் சுமந்ததை இவர்கள் தனித்தனியாகச் சுமக்கிறார்கள், அவ்வளவுதான்.

பொருளாதாரச் சுதந்திரம் என்கிறார்களே, யாரிடமிருந்து சுதந்திரம்? ஐடி இளைஞருக்கு மேனேஜரிடமிருந்து. பென்ஷன் வாங்கும் தாத்தாவுக்குப் பிள்ளைகளிடமிருந்து. பேரனுக்குக் கையில் நூறு ரூபாய் கொடுக்க மருமகளிடம் கேட்க வேண்டியதில்லை. 1,200 ரூபாய் வாங்கும் அம்மாவுக்கு அது மாத்திரைக்கும் வெற்றிலை பாக்குக்கும் சரியாகப் போகும். சாப்பாட்டுக்கு மகன் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும்.

இருநூறு வருடத்தில் உபகாரம் உரிமையாகி, அந்த உரிமை ஒரு கணக்குப் புத்தகமாகச் சுருங்கியிருக்கிறது. ஆனால் இந்தப் பயணம் முழுவதையும் செய்தது மாதச் சம்பளக்காரர்கள் மட்டும்தான். மற்றவர்கள் இன்னும் முதல் சொல்லிலேயே நிற்கிறார்கள். ஓய்வூதியத்தைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் பழைய திட்டமா புதிய திட்டமா, 4 சதவீதமா 3 சதவீதமா என்றே நடக்கின்றன. அந்த உதவித்தொகையை ஊதியம் என்று அழைக்க என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியும் அதே விவாதத்துக்குள் வர வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. விலைவாசியோடு சேர்ந்து உயர்கிற தொகையாக, கேட்டுப் பெறும் உரிமையாக அது ஆக வேண்டும். அரசு ஊழியரின் அகவிலைப்படி அப்படித்தானே உயர்கிறது.