சருமத்தின் நிறமும் சமுதாயத்தின் மதிப்பீடும்: டேனிங் சலூன், சிவப்பழகுக் களிம்பு ஆகியவை குறித்து ஓர் ஆய்வு

மேனாட்டு நகரங்களில் தம் வெள்ளைத் தோலைப் பழுப்பாக்கிக்கொள்வதற்காகப் பணம் கொடுத்துப் புற ஊதாக் கிரண விளக்குகளின் கீழே படுத்திருக்கும் மக்களும், காவிரியின் கடைமடையாகிய திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் பிறவியிலேயே அமைந்த மாநிறத்தையும் கறுப்பையும் வெளுக்கச் செய்வதற்காக மருந்துக் கடையில் களிம்பு வாங்கும் மக்களும், ஒருவருக்கொருவர் நேர்மாறானவர்கள் என்றே மேலோட்டமாக நோக்குவோர் கருதக்கூடும். ஆயின், இவ்விரு வழக்கங்களும் ஒரே மனோபாவத்தின் இரு கிளைகள் என்பதும், அம்மனோபாவம் உழைப்பைப் பற்றிச் சமுதாயம் கொண்டுள்ள மதிப்பீட்டிலிருந்து பிறந்தது என்பதும், அம்மதிப்பீட்டைத் தொடாமல் மருத்துவ எச்சரிக்கை மட்டும் செய்து இதனைத் தீர்க்க இயலாது என்பதுமே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்துகளாகும்.

முதலில் விளக்கின் சரித்திரத்தை நோக்குவோம். டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஃபின்சென் என்னும் மருத்துவர், குவித்த ஒளிக் கிரணங்களால் தோலைப் பற்றும் காசநோயைக் குணப்படுத்தியமைக்காக 1903ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். நோயாளியின் நலத்துக்காகத் தோன்றிய அவ்விளக்கின் வழிமுறை, 1970களில் ஜெர்மனியில் உருவான படுக்கை வடிவிலான கருவிகளின் வாயிலாக அழகுக் கடைகளுக்குள் புகுந்து, டேனிங் சலூன் என்னும் நூதன வாணிபமாக உலகெங்கும் பரவியது. பிரான்ஸ் தேசத்து லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2006இல் தொகுத்தளித்த ஆய்வு, 35 வயதுக்கு முன் இவ்விளக்குகளைப் பயன்படுத்தத் தொடங்கியவர்களுக்கு மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் நேரும் அபாயம் 75 விழுக்காடு மிகுகிறது என்று காட்டிற்று. 2009இல் அதே முகமை, புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இடம்பெற்றுள்ள முதலாம் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று ஐயமற நிறுவப்பெற்றவற்றின் வரிசையில், இவ்விளக்குகளையும் சேர்த்தது. பிரேசில் அவ்வாண்டிலேயே அழகுக்கான இவ்விளக்குகளைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவின் மாநிலங்கள் யாவும் 2016 தொடக்கத்துக்குள் அவற்றின் வாணிபத்தை முடிவுக்குக் கொண்டுவந்தன.

இத்தனை கடுமை எதற்கு என்று வினவுவோர், தோல் கருக்கும் விதத்தை அறிதல் வேண்டும். தோலின் உயிரணுக்களிலுள்ள மரபுப் பொருள் கிரணங்களால் சிதைவுறும்போது, அச்சிதைவை உணரும் புரதமொன்று அபாய அறிவிப்பாக ஒரு சுரப்பைத் தூண்ட, அவ்வறிவிப்பைப் பெற்ற நிறமி அணுக்கள் மெலனினைப் பெருக்கி அண்டை அணுக்களுக்கு அனுப்ப, அது அவற்றின் உட்கருவின்மேல் குடையெனக் கவிந்து நிற்கிறது. ஆகவே, விளக்கின் கீழே கிடந்து பெறும் பழுப்பு நிறம் ஆரோக்கியத்தின் அடையாளம் அன்று. முன்னரே நேர்ந்துவிட்ட சேதத்துக்கு உடல் அளிக்கும் மறுமொழியே ஆகும். நிறமி அணுக்களின் எண்ணிக்கை எல்லா இனத்து மக்களுக்கும் ஏறத்தாழ ஒன்றே; அவை ஆக்கும் மெலனினின் அளவிலும் தன்மையிலுமே வேற்றுமை உள்ளது. வெப்ப மண்டலத்தில் வாழும் நம்மவருக்கு இயற்கை பரம்பரையாக அளித்துள்ள இக்காப்பின் ஒரு சிறு பகுதியையே வெள்ளைத் தோலினர் சேதத்தை விலையாகக் கொடுத்துப் பெறுகின்றனர். நாமோ அக்காப்பையே அழிப்பதற்கு விலை கொடுக்கிறோம்.

இவ்விபரீதத்தின் காரணத்தைச் சமுதாய வரலாற்றிலேதான் தேட வேண்டும். ஐரோப்பாவில் பெரும்பான்மையோர் வயலில் உழைத்த காலமெல்லாம் வெளுத்த மேனியே பிரபுத்துவத்தின் சின்னமாக விளங்கிற்று. உழைப்பாளர் தொழிற்சாலைக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் புகுந்து வெயிலை இழந்த பின்னரோ, கடற்கரையில் ஓய்ந்திருக்க வசதி படைத்தவரின் பழுப்பு மேனி அந்தஸ்தின் சின்னமாக மாறிற்று. நிறம் மாறியதே அன்றி, உழைப்பாளியின் தோற்றத்திலிருந்து விலகி நிற்க வேண்டும் என்னும் விருப்பம் மாறவில்லை.

தஞ்சைத் தரணியில் அந்த முதல் நிலையே இன்றளவும் நீடிக்கிறது. குறுவை, சம்பா, தாளடி என்று பருவந்தோறும் நாற்று நட்டும் களை பறித்தும் முதுகில் வெயிலைச் சுமந்த பண்ணையாட்களின் உழைப்பால் விளைந்த நெல், திண்ணை நிழலில் அமர்ந்திருந்த மிராசுதாரரின் களஞ்சியத்தைச் சேர்ந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக வழங்கிய பண்ணைக் கொடுமைகளை எதிர்த்து 1940களில் விவசாயத் தொழிலாளரைத் திரட்டியவர் பி. சீனிவாச ராவ் ஆவார். அவருடைய நினைவிடம் திருத்துறைப்பூண்டியிலேயே அமைந்துள்ளது. 1952இல் தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் பிறந்தது. சட்டம் கூலியையும் உரிமையையும் ஓரளவு சீர்செய்தது. எனினும், பெண் பார்க்க வருவோர் முதலில் நிறத்தை விசாரிப்பதும், வெயிலில் காய்ந்தால் கறுத்துப்போவாய் என்று தாயே மகளைத் தடுப்பதும், வயலுழைப்பின் அடையாளத்தை இழிவெனக் கருதும் அப்பழைய மதிப்பீடு மனங்களில் எஞ்சி நிற்பதற்குச் சான்றாகும். பிறவிப் பிணிக்கே மருந்தானவர் என்று பிறவி மருந்தீஸ்வரரைப் போற்றும் திருத்துறைப்பூண்டியில், பிறவியோடு வந்த நிறத்தையே பிணியாக எண்ணி மக்கள் வருந்துவது எவ்வளவு துயரம்! 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி என்னும் சிவப்பழகுக் களிம்பு சந்தைக்கு வந்தது முதல் விளம்பரங்கள் இவ்வருத்தத்தை வளர்த்தன. 2020இல் அதன் பெயர் மாறியும் ஆசை மாறவில்லை.

அந்த ஆசையே இன்னும் அபாயகரமான சரக்குகளுக்கு வழி திறக்கிறது. மெலனினை ஆக்கும் டைரோசினேஸ் என்னும் நொதியைப் பாதரசம் ஒடுக்குவதால், அது கலந்த களிம்பு முகத்தை விரைவில் வெளுக்கச் செய்கிறது. அதே பாதரசம் தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தில் தங்குகிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரகச் சவ்வு நோயுற்றோர் 22 பேரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களுள் 15 பேருக்கு அரிய வகையொன்று இருப்பதையும், அப்பதினைவரில் 13 பேர் வெண்மையூட்டும் களிம்பு பூசியவர் என்பதையும் கண்டனர். நிறம் வெளுக்க வேண்டிப் பூசும் ஸ்டீராய்டு களிம்புகளின் தீங்கும் சிறிதன்று. இந்தியாவின் 12 மையங்களில் முக நோய்க்குச் சிகிச்சை தேடி வந்த 2,926 பேரில் 433 பேர் இக்களிம்புகளை முகத்தில் பூசி வந்தவர்கள் என்று 2011இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தோல் மெலிதல், சிவத்தல், பரு, முடி வளர்தல் ஆகியன இவ்வாறு பூசுவதன் விளைவுகள்; நிறுத்தினாலோ எரிச்சல் பன்மடங்காகி, மீண்டும் அக்களிம்பையே நாடச் செய்கிறது.

தன் உடலைத் தான் விரும்பியவாறு அமைத்துக்கொள்வது தனிமனிதரின் சுதந்திரம் அன்றோ என்று சிலர் வாதிப்பர். அபாயத்தை அறிந்து தேர்வதே சுதந்திரம். உள்ளடக்கம் அச்சிடப்படாத டப்பாவை வாங்கும் பெண்ணுக்கும், வரன் தட்டிப்போகுமோ என்று அஞ்சி வாங்கும் பெற்றோருக்கும் அச்சுதந்திரம் இல்லை. ஒளியும் களிம்பும் மருந்தாகவும் பயன்படுகின்றனவே என்பது மற்றொரு தடை. உண்மைதான், வெண்புள்ளிக்குக் கார்போகரிசியும் வெயிலும் நம் வைத்தியத்தில் நெடுங்காலம் வழங்கியவை; அவ்வரிசியிலுள்ள சோராலன் என்னும் பொருள் தோலை ஒளிக்கு உணர்வுள்ளதாக்குகிறது என்பதை நவீன விஞ்ஞானமும் ஏற்று, அதனையொட்டிய சிகிச்சை முறையை வகுத்துள்ளது. ஆனால் அங்கே நோய் உண்டு, அளவு உண்டு, கண்காணிக்கும் மருத்துவர் உண்டு; இவை மூன்றும் அற்ற இடத்தில் அதே பொருள் தீங்காகிறது.

செய்ய வேண்டுவன யாவை? 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது. அவ்விதி சிற்றூர் மருந்துக் கடை வரையில் நடைமுறைக்கு வருதல் வேண்டும். பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025க்குள் முற்றும் ஒழிப்பதென்று பாதரசக் கட்டுப்பாட்டுக்கான மினமாட்டா உடன்படிக்கையில் இணைந்த நாடுகள் 2023இல் தீர்மானித்துள்ளன. அதற்கேற்ப, பெயரும் முகவரியும் அற்ற களிம்புகளைச் சோதிக்கும் வசதி மாவட்டந்தோறும் அமைதல் வேண்டும். இவற்றினும் முதன்மையானது, நடவு வயலில் கறுத்த மேனியே நம் இலையில் சோறிட்ட மேனி என்னும் மரியாதையைப் பள்ளியிலும் இல்லத்திலும் திருமணப் பேச்சிலும் நிலைநாட்டுவதாகும். அம்மரியாதை வேரூன்றும் வரையில் ஒரு களிம்பைத் தடை செய்தால் மற்றொன்று முளைக்கும். வேரூன்றிய பின்னரோ, எக்களிம்பும் விலைபோகாது.