ரோடு யார் பேர்ல இருக்கு?

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போனப்போ கவனிச்சேன். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை விட்டு ஊர்த்தெருவுல திரும்பினா, ரோட்டோட சொந்தக்காரரே மாறிடறார். அது மத்திய அரசோடது, இது ஊராட்சியோடது. குழி விழுந்தா யார்கிட்ட போறதுங்கிறதும் அங்கேயே மாறுது.

வெள்ளைக்காரன் காலத்துல பெரும்பாலான ரோடுகளை ஜில்லா போர்டுகள்தான் பார்த்துக்கிச்சு. லாரியும் பஸ்ஸும் பெருகினதும் உள்ளூர் வரி பத்தல. 1943 நாக்பூர் திட்டம் சாலைகளைத் தரம் பிரிச்சுது. 1946ல மெட்ராஸ் மாகாணத்துக்குத் தனி நெடுஞ்சாலைத் துறை வந்துச்சு. 1956 சட்டப்படி தேசிய நெடுஞ்சாலைகள் மத்திய அரசுகிட்ட போச்சு. பொறுப்பு மேல போனப்போ, செலவும் கூடவே போச்சு.

2017ல அதைக் கீழ தள்ளப் பார்த்தாங்க. காரணம் டாஸ்மாக். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள்ள மதுக்கடை கூடாதுன்னு 2016 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்துச்சு. உடனே, உங்க எல்லைக்குள்ள வர்ற மாநில நெடுஞ்சாலைகளை ஏத்துக்கிட்டுத் தீர்மானம் போடுங்கன்னு நகராட்சிகளுக்கு அரசுத் தரப்புல கடிதம் போச்சு. ரோட்டோட பேர் மாறினா கடை தப்பிச்சுடும்!

ஆனா தீர்மானம் போடக் கவுன்சிலர்களே இல்ல. 2016 அக்டோபர்லயே பதவிக்காலம் முடிஞ்சு, தனி அலுவலர்கள்தான் இருந்தாங்க. அப்படி மாத்தின ரோட்டுல கடை திறக்கக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டுச்சு. ஜூலையில உச்ச நீதிமன்றமே, நகராட்சிப் பகுதிகளுக்குத் தன் தடை பொருந்தாதுன்னு விளக்கம் சொல்லிடுச்சு.

கடைக்காக ஒரு ரோடு கைமாறலாம். ஆனா அடுத்த மழையில விழற குழிக்கு யார் காசு கொடுப்பாங்க? அந்த ஊர்க்காரங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?